பட்டம் என்னும் சரக்கு: உலக வர்த்தக ஒப்பந்தமும் நம் பிள்ளைகளின் படிப்பும்



மண்டியிலிருந்து துவரம் பருப்பு வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் பில்லைப் பார்க்கிறோம். மூட்டையைக் குத்திக் கொஞ்சம் பருப்பைக் கையில் கொட்டிப் பார்க்கிறோம். எடை போடுகிறோம். மட்டமாக இருந்தால் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம். சில ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கே இத்தனை சோதனை செய்கிற நாம், பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்க இருபது லட்சம், முப்பது லட்சம் என்று எடுத்து வைக்கும்போது என்ன சோதிக்கிறோம்? பெரும்பாலும் ஒரு வண்ண நோட்டீசையும் ஏஜெண்டின் பேச்சையும்தான். இந்தச் சரக்கு மட்டமாக இருந்தால் திருப்பி அனுப்ப வழி கிடையாது. போன பணத்தோடு பிள்ளையின் ஐந்தாறு வருடமும் போய்விடும்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடை வைத்திருக்கும் நம்மவர் வீடுகளில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளை இருந்தால், இப்போது இந்தப் பேச்சு தவறாமல் வருகிறது. “உலக வர்த்தக ஒப்பந்தம் வந்துவிட்டது, இனி எந்த நாட்டுப் பட்டமும் எல்லா நாட்டிலும் செல்லும்” என்று சொல்பவர்களும் உண்டு. அது உண்மையா? ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது என்ன, எழுதாதது என்ன என்பதை ஒரு வியாபாரியின் கண்ணால் பார்ப்பதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

ஜெனீவாவில் எழுதியது நம் ஊருக்கு வந்த கதை

1948 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘காட்’ ஒப்பந்தம் பொருள்களுக்கு மட்டுமானது. அதைத் தொடங்கிய 23 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பருத்தி, இரும்பு, தேயிலை போன்ற சரக்குகளின் சுங்க வரியைக் குறைப்பதே அதன் வேலை. 1986 இல் உருகுவே நாட்டில் தொடங்கிய பேச்சு இதை மாற்றியது. 1991 டிசம்பரில் ஆர்தர் டங்கல் கொடுத்த வரைவு நம் ஊர் மேடைகளில் ‘டங்கல் திட்டம்’ என்று பேசப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். 1994 ஏப்ரல் 15 அன்று மொராக்கோவின் மாரகேஷ் நகரில் நாடுகள் கையெழுத்திட்டன. 1995 ஜனவரி 1 அன்று ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு உலக வர்த்தக அமைப்பு பிறந்தது.

எங்கோ போட்ட கையெழுத்து நமக்கு என்ன செய்யும் என்று மில் ஊரான ராஜபாளையம் கேட்காது. அதே ஒப்பந்தப்படி பத்து ஆண்டுகளில் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2005 ஜனவரி 1 அன்று ஜவுளிக்கான கோட்டா முறை உலகெங்கும் முடிவுக்கு வந்ததை நூல் வியாபாரிகள் அறிவார்கள்.

மாரகேஷில் கையெழுத்தான கட்டில் இன்னொரு ஒப்பந்தமும் இருந்தது. அதன் பெயர் சேவை வர்த்தகப் பொது ஒப்பந்தம். சுருக்கமாக ‘காட்ஸ்’ என்பார்கள். வங்கி, இன்சூரன்ஸ், டெலிபோன், சுற்றுலா, மருத்துவம் ஆகியவற்றோடு கல்வியும் அதன் பட்டியலில் ஏறியது. சேவைகளைப் பன்னிரண்டு பெரும் தலைப்புகளாகப் பிரித்தார்கள். தொடக்கக் கல்வி முதல் முதியோர் கல்வி வரை எல்லாம் ஒரு தலைப்பில் வருகின்றன. நாம் செய்யும் மொத்த, சில்லறை வியாபாரம் ‘விநியோகச் சேவை’ என்ற இன்னொரு தலைப்பில் வருகிறது. நம் கடையும் நம் பிள்ளையின் கல்லூரியும் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பக்கங்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

பால்கோவா காட்டும் நான்கு வழிகள்

ஒரு சேவை எல்லை தாண்டிப் போக நான்கு வழிகள் உண்டு என்கிறது காட்ஸ். சட்ட மொழியில் படித்தால் தலை சுற்றும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

முதல் வழி: கடைக்காரர் ஊரிலேயே இருந்துகொண்டு பால்கோவாவைப் பார்சலில் சென்னைக்கு அனுப்புகிறார். சரக்கு மட்டுமே பயணம் செய்கிறது. கல்வியில் இது தபால் வழிப் படிப்பும் இன்றைய ஆன்லைன் படிப்பும்.

இரண்டாம் வழி: ஆடிப்பூரத் தேருக்கு வந்த வெளியூர்க்காரர் கடைக்கே வந்து வாங்கிச் சாப்பிடுகிறார். இங்கே வாடிக்கையாளர் பயணம் செய்கிறார். நம் பிள்ளை விமானம் ஏறிப் போய்ப் படிப்பது இந்த வகை.

மூன்றாம் வழி: கடைக்காரர் மதுரையில் கிளை திறக்கிறார். முதல் பயணம் செய்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இந்தியாவில் வளாகம் திறப்பது இது. நாமும் இப்படிப் போயிருக்கிறோம். சென்னை ஐ.ஐ.டி. 2023 இல் ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் தன் வளாகத்தைத் திறந்தது.

நான்காம் வழி: கிண்டத் தெரிந்த மாஸ்டர் வெளியூர் போய் அங்கேயே பால்கோவா கிண்டிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். கல்வியில் இது, ஆசிரியர் வெளிநாடு போய்ச் சில காலம் பாடம் நடத்துவது.

இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒவ்வொரு வழிக்கும் சட்டம் வேறு, ஆபத்தும் வேறு.

இந்தியா என்ன எழுதிக் கொடுத்தது?

காட்ஸில் ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். எந்தச் சேவையை, எந்த வழியில், எந்த நிபந்தனையோடு திறக்கிறேன் என்று அதில் எழுத வேண்டும். எழுதாத சேவையைத் திறக்கக் கட்டாயம் இல்லை. 1995 இல் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் பட்டியலில் கல்வியும் இல்லை, விநியோகச் சேவையும் இல்லை.

2001 இல் தோஹாவில் புதிய சுற்றுப் பேச்சு தொடங்கியது. அதில் 2005 ஆகஸ்டில் இந்தியா கொடுத்த திருத்திய சலுகைப் பட்டியலில், நிபந்தனைகளோடு உயர்கல்வி சேர்க்கப்பட்டது. சலுகை என்பது கொட்டேஷன் மாதிரி. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் ஆர்டர். தோஹா சுற்று முடிவுக்கு வரவில்லை. 2015 டிசம்பர் நைரோபி மாநாட்டுக்கு முன்னால், இந்தச் சலுகையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கல்வி இயக்கங்கள் நாடெங்கும் குரல் எழுப்பின. அந்த மாநாட்டிலும் சேவைகளுக்கான உடன்பாடு எட்டப்படவில்லை. கொட்டேஷன் கொட்டேஷனாகவே நின்றுவிட்டது.

அப்படியானால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தியாவுக்குள் எப்படி வந்தன? நம் நாட்டின் சொந்தச் சட்டத்தால் வந்தன. 2000 ஆம் ஆண்டிலேயே கல்வியில் நூறு சதவீத அந்நிய நேரடி முதலீடு அனுமதிக்கப்பட்டது. ஆனால் பட்டம் தரும் கல்லூரியை லாப நோக்கில்லாமல்தான் நடத்த வேண்டும் என்ற விதி இருந்ததால் அந்த வாசலில் கூட்டம் வரவில்லை. 2010 இல் மக்களவையில் கொண்டுவந்த வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்கள் மசோதா, 2014 இல் அந்த அவையோடு காலாவதியானது. குஜராத்தின் கிஃப்ட் சிட்டிக்கென 2022 இல் தனி விதி வந்தது. 2024 இல் ஆஸ்திரேலியாவின் டீக்கின், வுல்லங்காங் பல்கலைக்கழகங்கள் அங்கே வகுப்புகளைத் தொடங்கின. 2023 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., நாடு முழுமைக்குமான விதிகளை வெளியிட்டது. உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் இருப்பவை இங்கே வளாகம் திறக்கலாம், கட்டணத்தைத் தாமே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்றது அது. அந்த விதிகளின்படி பிரிட்டனின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகம் 2025 இல் குருகிராமில் வகுப்புகளைத் தொடங்கியது.

தானாகக் குறைத்த விலையும் எழுதிக் கொடுத்த விலையும்

எந்த வழியில் வந்தால் என்ன, வந்தது வந்ததுதானே என்று கேட்கலாம். அங்கேதான் வியாபாரிக்குத் தெரிந்த ஒரு நுணுக்கம் இருக்கிறது.

தீபாவளிக்கு நாமாகவே எண்ணெய் விலையை லிட்டருக்கு ஐந்து ரூபாய் குறைத்தால், தை மாதம் ஏற்றிக்கொள்ளலாம். யாரும் கேட்க முடியாது. ஆனால் ஒரு ஹாஸ்டலுக்கு ‘வருடம் முழுக்க இந்த விலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், சந்தை ஏறினாலும் அந்த விலைக்குத்தான் ஊற்ற வேண்டும். சொந்தச் சட்டத்தால் திறப்பது முதல் வகை. ஒப்பந்தப் பட்டியலில் எழுதுவது இரண்டாம் வகை. காட்ஸில் எழுதிக் கொடுத்ததை மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே திரும்பப் பெறக் கேட்கலாம். அப்போதும் பாதிக்கப்படும் நாடுகளுக்கு வேறொரு சலுகையால் ஈடு செய்ய வேண்டும்.

இந்த வேறுபாடு நம் பிள்ளைகளை எப்படித் தொடுகிறது என்பதற்கு இரண்டு நாடுகளைப் பாருங்கள்.

இந்தியா - ஆஸ்திரேலியா பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வர்த்தக ஒப்பந்தம் 2022 ஏப்ரல் 2 அன்று கையெழுத்தாகி, அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அங்கே படித்து முடிக்கும் இந்திய மாணவர் எத்தனை ஆண்டு தங்கி வேலை பார்க்கலாம் என்பதும் அதில் எழுதப்பட்டது. டாக்டர் பட்டம் பெற்றவருக்கு நான்கு ஆண்டுகள். 2024 ஜூலையில் ஆஸ்திரேலியா தன் விசா விதிகளை இறுக்கி, பொதுவாக டாக்டர் பட்டத்துக்கான காலத்தை மூன்று ஆண்டுகளாகக் குறைத்தது. இந்தியருக்கு மட்டும் நான்கு ஆண்டுகள் அப்படியே நின்றது. காரணம், எழுதிக் கொடுத்த கையெழுத்து.

பிரிட்டனில் படிப்பு முடிந்தபின் வேலை தேட இருந்த விசா 2012 இல் மூடப்பட்டது. அந்தச் சமயம் அங்கே பாதிப் படிப்பில் இருந்த மாணவர்கள் பலர் கடனோடு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. 2021 ஜூலையில் இரண்டு ஆண்டு விசாவாக மீண்டும் திறந்தார்கள். 2025 இல், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போரில் டாக்டர் பட்டம் பெற்றவர் தவிர மற்றவர்களுக்கு அது 18 மாதம்தான் என்று அறிவித்தார்கள். அது அவர்கள் நாட்டுச் சொந்த விதி. அவர்கள் நினைத்தால் திறக்கலாம், நினைத்தால் மூடலாம்.

ஆகவே, ‘படித்ததும் அங்கேயே இரண்டு வருடம் வேலை செய்து கடனை அடைத்துவிடலாம்’ என்று ஏஜெண்ட் சொன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வாக்கு ஒப்பந்தத்தில் இருக்கிறதா, அந்த நாட்டு விதியில் இருக்கிறதா?

வாசல் திறந்தால் பட்டம் செல்லுமா?

ஒப்பந்தம் வாசலைத்தான் திறக்கிறது. வாசலைத் தாண்டி வாங்கிவந்த பட்டம் இங்கே செல்லுமா என்பது முற்றிலும் வேறு விஷயம். ஒரு நாட்டின் படிப்பை இன்னொரு நாடு அங்கீகரிக்கலாம் என்று காட்ஸ் இடம் தருகிறது. அங்கீகரித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை.

இதில் நம் பக்கத்துக் குடும்பங்கள் அதிகம் அடிபடுவது மருத்துவப் படிப்பில். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய, 2002 முதல் நடக்கும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். 2023 ஜூன் தேர்வை எழுதியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் தேறினார். மற்ற ஒன்பது பேரின் வீட்டுக் கணக்கை எண்ணிப் பாருங்கள்.

தேர்வுக்கு உட்காரவே நிபந்தனைகள் உண்டு. 2021 நவம்பர் 18 அன்று தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். ஆங்கில வழியில் இருக்க வேண்டும். படித்த கல்லூரியிலேயே 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருந்திருக்க வேண்டும். அந்தப் பட்டத்தை வைத்து அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் கிடைக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் முதலுக்கே மோசம். புறப்படும் முன்பே இங்கே நீட் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2018 முதல் இருக்கிறது.

2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது பல ஆயிரம் இந்திய மாணவர்கள் புத்தகப் பையோடு ஊர் திரும்பினார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் ஏராளம். கட்டிய பணத்தையும் கழிந்த செமஸ்டர்களையும் திரும்பக் கேட்க எந்த வர்த்தக ஒப்பந்தத்திலும் ஒரு வரி இல்லை.

இன்னொரு மோசடி வகையும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறெங்கோ கிண்டிய பால்கோவாவின் டப்பாவில் அந்தப் பெயரை ஒட்ட இனி யாருக்கும் உரிமையில்லை. பட்டத்திலும் இதே லேபிள் வேலை நடக்கிறது. பெயர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடையது, பாடம் நடத்துவது இங்குள்ள ஒரு கம்பெனி. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் தரும் பட்டங்கள் செல்லாது என்று 2023 டிசம்பரில் யு.ஜி.சி. எச்சரித்தது. வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலைச் சான்று வழங்க 2025 ஏப்ரலில் அது கொண்டுவந்த விதிகளிலும் பிரான்சைஸ் முறைப் பட்டங்களுக்கு இடமில்லை. மருத்துவம், பார்மசி, நர்சிங், சட்டம் போன்றவற்றுக்கு அந்தந்தக் கவுன்சிலின் விதியே செல்லும்.

பணக் கணக்கு

1995 இல் ஒரு டாலர் வாங்க ஏறக்குறைய 31, 32 ரூபாய் போதும். 2025 இல் அது 85 ரூபாயைத் தாண்டிவிட்டது. முதல் வருடக் கட்டணத்தை நான்கால் பெருக்கி மொத்தச் செலவு இவ்வளவுதான் என்று முடிவு செய்பவர், கடைசி வருடத்தில் கடைச் சரக்கை விற்றுப் பணம் அனுப்ப வேண்டிவரும். ஒவ்வொரு வருடமும் ரூபாய் கொஞ்சம் இறங்கும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

ரிசர்வ் வங்கியின் திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2025 ஏப்ரல் 1 முதல் பத்து லட்சம் ரூபாய் வரை அனுப்பினால் டி.சி.எஸ். பிடித்தம் கிடையாது. அதற்கு மேல் சொந்தப் பணத்தை அனுப்பினால் பிடிப்பார்கள். வங்கிக் கல்விக் கடனாக இருந்தால் பிடித்தம் இல்லை. பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை நம் முதல் முடங்கும். சதவீதத்தை பட்ஜெட்டில் மாற்றுவதால் அனுப்பும் அன்று வங்கியில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஏஜெண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரகு என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘எங்களுக்குக் கட்டணமே வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால், அவருடைய தரகை எதிர்த்தரப்பு கொடுக்கிறது என்று பொருள். அவர் விற்பவருடைய ஆள். அதில் தவறில்லை. ஆனால் வாங்குகிறவருக்கு யோசனை சொல்ல அவரை நம்பியிருக்கக் கூடாது.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

1. இது எந்த வழி? ஆன்லைனா, அங்கே போய்ப் படிப்பதா, இங்குள்ள வளாகமா? பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும், பாடம் நடத்துவது யார்?

2. அந்தப் பட்டம் அந்த நாட்டிலேயே வேலைக்கும் உரிமத்துக்கும் செல்லுமா?

3. இங்கே அங்கீகரிப்பது யு.ஜி.சி.யா, தொழில்முறைக் கவுன்சிலா? சேரும் ஆண்டில் உள்ள விதியை அதன் அறிவிப்பிலேயே பார்த்தோமா?

4. வேலை விசா வாக்கு ஒப்பந்தத்தில் உள்ளதா, அந்த நாட்டு விதியில் உள்ளதா?

5. பாதியில் நின்றால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? எழுத்தில் இருக்கிறதா?

6. பெரிய கடனுக்கு வங்கி வீட்டுப் பத்திரத்தை ஈடு கேட்கும். விசா மறுக்கப்பட்டாலும், தேர்வில் தவறினாலும் கடையை நடத்த முதல் மிஞ்சுமா?

மகமை தந்த பாடம்

படிப்புக்கும் கடைக் கணக்குக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல. நம் மாவட்டத்துத் தலைநகரான விருதுநகரில், வியாபாரிகள் தாங்கள் விற்கும் சரக்கின் மீது தாங்களே விதித்துக்கொண்ட மகமைப் பணத்தில் 1889 இல் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினார்கள். வீட்டுக்கு வீடு வாங்கிய பிடி அரிசியும் அந்தப் பள்ளியைத் தாங்கியது. காமராசர் அங்கே படித்தவர். அந்த வியாபாரிகளும் கல்விக்குக் கணக்கு எழுதினார்கள்தான். ஆனால் லாபக் கணக்கில் எழுதவில்லை.

அரசு தன் கடமையாக, வியாபார நோக்கமும் போட்டியும் இல்லாமல் தரும் சேவைக்கு காட்ஸ் பொருந்தாது என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரி அரசுக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது அந்த விலக்கு எதுவரை நிற்கும் என்பது சட்ட நிபுணர்களே வாதிடும் கேள்வி. ஆகவே அடுத்தடுத்து வரும் ஒப்பந்தங்களில் கல்விக்கும் சில்லறை வியாபாரத்துக்கும் டெல்லி என்ன எழுதிக் கொடுக்கிறது என்பதைச் சங்கம் கவனித்து வர வேண்டும். கையெழுத்தான பிறகு மனுக் கொடுப்பதைவிட, கொட்டேஷன் நிலையிலேயே நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொல்வது பயன் தரும்.

உடனடியாகச் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் முன், சங்க அலுவலகத்தில் ஒரு மாலைக் கூட்டம் போடலாம். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய நம் வீட்டுப் பிள்ளைகள் இருவரையும், ஒரு வங்கி அதிகாரியையும், ஓர் ஆடிட்டரையும் அழைக்கலாம். தேர்வில் தவறி ஊரில் இருக்கும் பிள்ளையும் கூச்சமின்றி வந்து பேசட்டும். அவன் சொல்வதுதான் மற்ற வீடுகளுக்கு மிகவும் உதவும்.

கூட்டத்தில் விவாதிக்க

1. நம் வட்டாரத்தில் வெளிநாட்டுக் கல்வி எந்த வழியில் அதிகம் நடக்கிறது? அதன் ஆபத்து எது?

2. நாமாகத் திறந்ததற்கும் எழுதிக் கொடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் கடையிலிருந்து ஓர் உதாரணத்தால் விளக்குங்கள்.

3. பிள்ளையின் படிப்புக்காகக் கடை முதலிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்? எந்த அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது?